பார்க்கில் நின்ற தேயிலை

பதுளை ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகிற நம் வயதுக்காரர்களுக்கு அந்தப் பார்க்கைத் தெரியும். நம்பர் கூப்பிட நேரமாகும் என்றால் போய் உட்காருவோமே, அதுதான். வெள்ளைக்காரன் காலத்துப் பார்க். கேட்டிலிருந்து நேராக ஒரு சரளைப் பாதை. இரண்டு பக்கமும் பாம் மரங்கள், அளந்து வைத்த மாதிரி. நடுவில் வட்டக் குளம். குளத்தைச் சுற்றி நாலா பக்கமும் பாதைகள் பிரியும். ஒவ்வொரு பாதையும் ஒரு பெரிய மரத்தில் போய் முடியும்.

நீங்கள் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்திருப்பீர்கள். நான் அங்கே குடியிருந்தேன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. எனக்கு எழுத்து அவ்வளவு வராது. தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தோட்டம் எங்களுடையது. அப்பா கவாத்துக்காரர். தேயிலைச் செடியை இடுப்பு மட்டத்துக்கு வெட்டி விடுகிற வேலை. வெட்டினால்தான் புதுக் கொழுந்து வரும். நம்மில் பாதிப் பேருக்கு இது தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். அப்பா வெட்டினால் கத்தி பட்ட இடம் சாய்வாக, வழுவழுவென்று இருக்கும். மழைத் தண்ணீர் அதில் நிற்காது. அந்தக் கையைப் பற்றி யாரோ போய்ச் சொல்லி, பார்க்கில் வேலிச் செடி வெட்ட ஆள் கேட்டுக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கூப்பிட்டவர் பார்க்கைப் பார்த்துக்கொள்கிற ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் காற்சட்டை, கறுப்புக் குடை. வெயில் மழை எதுவும் இல்லாவிட்டாலும் குடை கையில் இருக்கும். நாங்கள் அவரைப் பார்க் ஐயா என்போம். இப்போதைக்குத் தற்காலிகம், வேலையைப் பார்த்து நிரந்தரம் ஆக்கலாம் என்று சொன்னாராம். நிரந்தரம் ஆனால் டவுனிலேயே இருக்கலாம். அம்மா கொழுந்துக் கூடை தூக்க வேண்டாம். நான் டவுன் பள்ளிக்கூடத்தில் படிக்கலாம். அப்பாவுக்கு அது போதும்.

பார்க்கின் பின்பக்கம் சாமான் போடுகிற அறை ஒன்றைக் கொடுத்தார்கள். தகரக் கூரை. ஒரு மூலையில் உடைந்த பூச்சட்டிகள், ஒரு மூலையில் எரு மூட்டை. எங்கள் சோற்றிலும் எரு வாசம் அடிக்கும். பித்தளை மூக்கு வைத்த ஒரு பூவாளி இருந்தது. அதை எனக்கென்று வைத்துக்கொண்டேன். தூங்கும்போதுகூடப் பக்கத்தில் இருக்கும். அந்த மாதிரிப் பூவாளி பிறகு நான் எங்கும் பார்க்கவில்லை.

பொழுது சாயும்போது கேட்டில் மணி அடிப்பார்கள். சனம் எல்லாம் போய்விடும். பிறகு தவளைச் சத்தம் மட்டும்தான். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. தோட்டத்து லயம் வரிசை வீடு, அடுத்த காம்பிராவில் இருமினால் நமக்குக் கேட்கும். நாம் திட்டினால் அவர்களுக்குக் கேட்கும். இங்கே பேச ஒரு ஆள் இல்லை. தண்ணீர்க் குழாயடியில் டவுன் பெண்கள் வந்தால் அம்மாவைப் பார்த்துத் தள்ளி நிற்பார்கள்.

"இங்க மனுசி இருப்பாளா? மரத்துக்கிட்டயா பேசறது?" என்பாள்.

"பேசேன். அதுங்க திருப்பிப் பேசாது, ஒனக்கு நல்லதுதானே" என்பார் அப்பா.

ஒரு நாள் விறகு பொறுக்க அம்மாவோடு போனேன். குளத்தைத் தாண்டி, கடைசிப் பாதை முடிகிற இடத்தில் ஒரு மரம். பாசி பிடித்த அடிமரம். அறைக் கூரையைவிட உயரம். வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள். கீழே உருண்டை உருண்டையாகக் காய் கிடந்தது. அம்மா ஒரு காயை எடுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு இலையை எடுத்தாள். விளிம்பைத் தடவினாள். கடித்தாள். துப்பினாள்.

"இங்க வாங்க!" என்று கத்தினாள். அப்பா பாம்பு என்று நினைத்து மண்வெட்டியோடு ஓடி வந்தார்.

"இது தேயிலைங்க."

நான் மேலே பார்த்தேன். கழுத்து வலித்தது. எனக்குத் தேயிலை என்றால் அம்மாவின் இடுப்பு. அதற்கு மேலே தேயிலை கிடையாது, வானம்தான். இது என் தலைக்கு மேலே, அப்பா தலைக்கு மேலே, இன்னும் மேலே போய்க்கொண்டே இருந்தது. உச்சிக் கிளையில் காகம் உட்கார்ந்திருந்தது. தேயிலையில் காகம்.  விதைக்கு மரமாக விடுவார்கள் என்று கேள்விப்பட்டதுண்டு. கண்ணால் பார்த்தவர் எங்கள் தோட்டத்தில் இல்லை.

அப்பா மரத்தைச் சுற்றி வந்தார். அம்மா அடிமரத்தில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இதுல கொழுந்து எடுக்கணும்னா ஏணி வச்சுத்தான் ஏறணும்" என்று சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

பேச்சு தோட்டத்துக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குச் சாமான் வாங்க வருகிறவர்கள் எல்லாம் பார்க்குக்கு வந்தார்கள். எங்கள் மலையில் வேலை வாங்குகிற சில்லறைக் கங்காணியும் ஒரு நாள் வந்தார். மேலே பார்த்தார், தொப்பி விழுந்தது.

"ஏண்டா, நம்ம மலையில ஒரு செடி இப்படி நின்னா தொர ஒன்னைய உசுரோட விடுவானா?"

"இது பார்க்குங்க" என்றார் அப்பா.

"பார்க்கோ பங்களாவோ, தேயிலை தேயிலைதானே? காடா விட்டு வச்சிருக்க. ஒன்னையப் போயி கவாத்துக்காரன்னு இங்க அனுப்பி வச்சோம் பாரு."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்த மாதிரிக் காட்டினார். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த வாரம் பார்க் ஐயா வந்து, இன்னும் மூன்று மாதத்தில் கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள், பார்க் முழுக்கத் துப்புரவாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். எந்த மரத்தைப் பற்றியும் சொல்லவில்லை.

"அவங்க வர்ற நேரத்துக்குப் புதுக் கொழுந்து தளதளன்னு நிக்கும். பாத்தா ஐயா வேலைய நிரந்தரமாக்கிருவாரு" என்றார் அப்பா.

"கச்சான் காத்து அடிக்குது. மண்ணு காஞ்சு கெடக்கு. இப்பப் போயி கத்திய வைக்காதீங்க."

"நான் வெட்டி ஒரு செடி செத்ததா யாராச்சும் சொல்லட்டும்."

"அது செடிதானே? இது மரம்."

"எல்லாம் ஒரே சாதிதான்."

அடுத்த நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். குளத்தடியில் நின்றுவிட்டேன். வெளிச்சம் தப்பாக இருந்தது. எப்போதும் நிழல் விழுகிற இடத்தில் வெயில் கிடந்தது. மரம் நின்ற இடத்தில் நமுனுகுலை மலை தெரிந்தது. அதற்கு முன் அந்த இடத்திலிருந்து நான் மலையைப் பார்த்ததில்லை.

ஓடினேன். அடிமரம் அப்பாவின் இடுப்பு மட்டத்தில் நின்றது. ரம்பத்தால் அறுத்து, வாயைக் கத்தியால் செதுக்கிச் சாய்வாக விட்டிருந்தார். பாசியைச் சுரண்டியிருந்தார். மூச்சு விடட்டும் என்று பக்கத்துக் கொப்பு ஒன்றை மட்டும் விட்டிருந்தார். எல்லாம் முறைப்படி. வெட்டின வாய் வெள்ளையாக, ஈரமாக இருந்தது. பச்சை வாடை மூக்கை அடைத்தது. அப்பா கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் அத்தனை சந்தோசம்.

"எப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பாதை முழுக்கக் கிளை. காகக் கூடு ஒன்று கவிழ்ந்து கிடந்தது.

பார்க் ஐயா வந்தார். தூரத்தில் வரும்போதே நடை மாறியது. குடை கையிலிருந்து விழுந்தது, எடுக்கவில்லை. அந்த வெள்ளைக் காற்சட்டையோடு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பெரிய மனிதர் ஒருவர் மண்ணில் உட்கார்ந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நீர் என்ன செய்து போட்டீர்?"

"கவாத்துங்க ஐயா. காடா கெடந்துச்சு. இது தேயிலைங்க."

"தேயிலை எண்டு எனக்குத் தெரியாதே? இதைப் பாக்கத்தானே அவையள் வருகினம்! இந்தப் பக்கம் ஒரு தோட்டமும் இல்லாத காலத்தில, வளருதோ பாப்பம் எண்டு கொண்டந்து வைச்ச மரமடாப்பா இது."

அப்பாவின் முகம் செத்துவிட்டது. கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"எனக்கு யாருங்க சொன்னா?"

பார்க் ஐயா எழுந்து குடையை எடுத்தார்.  வேலி வெட்டுகிறவனுக்கு மரத்தின் கதையைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கேட்க வேண்டும் என்று அப்பாவுக்கும் தோன்றவில்லை. இரண்டு பேருமே கெட்டவர்கள் இல்லை.

போகும்போது பார்க் ஐயா சொன்னார்: "அவையள் வரேக்க தளிர் வந்திருந்தா, மரம் பழுதெண்டு வெட்டினது, உயிரோட இருக்கு எண்டு சொல்லி உம்மை வைச்சிருப்பன். பட்டுப்போச்சு எண்டா என்னால ஏலாது. என்ர வேலையும் போகும்."

அதோடு எங்கள் வீட்டில் வேறு பேச்சு இல்லை. தளிர், தளிர், தளிர்.

கச்சான் விடாமல் அடித்தது. குளம் வற்றி, மீன் சேற்றில் துள்ளியது. அம்மா குழாயடியில் டவுன் பெண்களோடு சண்டை போட்டுத் தண்ணீர் பிடித்து வந்தாள். நான் பூவாளியில் ஊற்றினேன். வெயில் படாமல் இருக்க அப்பா மானாப்புல் அறுத்து வந்து மரத்தைப் போர்த்தினார். காய்ச்சல்காரனைப் போர்த்துகிற மாதிரி. விட்டு வைத்த கொப்பில் இலை ஒவ்வொன்றாகக் கொட்டியது. காலையில் பல் விளக்குவதற்கு முன் ஓடிப்போய்ப் புல்லை விலக்கிப் பார்ப்பேன். அம்மா அறை வாசலிலிருந்து கேட்பாள்:

"இருக்கா?"

"இல்லம்மா."

ஒரு நாள் இருந்தது. பட்டையைக் கிழித்துக்கொண்டு, அரிசிக் குருணை அளவில் ஒரு பச்சை. அதற்குக் கீழே இன்னொன்று. நான் கத்தினேன். அம்மா ஓடி வந்து முழங்கால் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர். "மொளச்சிருச்சு, மொளச்சிருச்சு" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அந்த அழுகையைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

"இப்பவே போயி ஐயாகிட்ட சொல்லுங்க" என்றாள்.

"குருணையக் காட்டி என்ன ஆகப்போகுது? கண்ணுபட்டுரும். விரியட்டும். ரெண்டு இலையும் மொட்டுமா நிக்கிறப்ப கூட்டியாந்து காட்டுறேன்" என்றார் அப்பா. யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று எனக்கும் சொன்னார். பார்க் ஐயா இரண்டு தடவை வந்து கேட்டார். "பாப்போங்க ஐயா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்தக் குருணையை அன்றைக்கே காட்டியிருக்கலாம். இப்போது யாருக்கு என்ன.

தளிர் வளர்ந்தது. ஒரு பக்கம் மட்டும்தான், ஒரு கைப்பிடி. ஆனால் என்ன தளிர். இளம்பச்சை, வெயில் பட்டால் உள்ளே விளக்கு வைத்த மாதிரி.

பெரிய ஆட்கள் வருகிற நாளும் வந்தது. காலையில் அப்பா குளித்து, விபூதி பூசி, மானாப்புல்லை எல்லாம் எடுத்துவிட்டார். பார்க் ஐயாவைக் கூட்டி வரக் கேட் பக்கம் போனார். "ஆடு மாடு வராமப் பாத்துக்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அம்மா மரத்தடியில் காவல். நான் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு பக்கத்தில் நின்றேன்.

அப்போதுதான் அடுத்த காம்பிரா அக்கா வந்தாள். தோட்டத்தில் எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவள். ஆஸ்பத்திரிக்கு வந்தவள், அம்மாவைப் பார்க்காமல் போக மனமில்லாமல் ஓடி வந்திருந்தாள்.

"என்னடி பார்க்கு ராணி! வெளுத்துப் போயிட்ட?"

"நெழல்ல கெடந்தா வெளுக்காம? வாடி, வா. நீ என்ன இப்படி எளச்சுட்ட?"

"புதுசா ஒரு கணக்கப்புள்ள வந்திருக்கான்டி. மீசகூட மொளைக்கல. கொழுந்துல தண்ணி, கொழுந்துல தண்ணின்னு கூடைக்குக் கூடை எடையில வெட்டுறான்."

"நீ சும்மாவா விட்ட?"

"விடுவேனா? காஞ்ச கொழுந்து வேணும்னா ஒங்க ஆத்தாவக் கூட்டியாந்து மலையில கொடை புடிக்கச் சொல்லுங்கன்னேன்."

அம்மா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பார்க்குக்கு வந்த பிறகு அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த அக்கா நடித்துக் காட்டினாள், கணக்கப்பிள்ளை மாதிரி நடந்து காட்டினாள். அம்மா ஒரு கேள்வி கேட்டாள், அவள் பதில் சொன்னாள். யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் யாரோடு ஓடினாள். மலையில் நிரையில் நின்று பேசுகிற அதே பேச்சு, அதே வேகம்.

நான் அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கையைப் பார்க்கவில்லை.

அம்மாவின் கை தோளுக்கு மேலே போனது. பின்னால் எதையோ வீசியது. கூடையில் கொழுந்து போடுகிற வீச்சு. முதுகில் கூடை இல்லை. சரளையில் வந்து விழுந்தது, பச்சையாக, ஒரு பிடி.

அந்த அக்காதான் முதலில் பேச்சை நிறுத்தினாள். நடித்துக் காட்டிய கை அப்படியே நின்றது. அம்மா அவள் முகத்தைப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து, பிறகு மரத்தைப் பார்த்தாள். மொட்டை. ஒன்று பாக்கியில்லை. கை சுத்தமாக வேலை பார்த்திருந்தது. அம்மா தன் விரல்களை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். வேறு யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி. 

சரளையில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பாவும் பார்க் ஐயாவும் வந்தார்கள். அப்பாவின் முகம் மலர்ந்திருந்தது. கை நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தார். கை பாதியில் நின்றது.

மரத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பாதையைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது, அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டு எட்டு முன்னால் வந்து, சரளையில் கிடந்த கொழுந்தின் மேல் காலை வைத்து நின்றார்.

"எங்கை தளிர்?" என்றார் பார்க் ஐயா.

"வரலங்க ஐயா."

"வந்திட்டுது எண்டல்லோ கூட்டிக்கொண்டு வந்தீர்?"

"வந்த மாதிரி இருந்துச்சு. வரலங்க."

நான் வாயைத் திறந்தேன். அப்பாவின் கை என் தலையில் வந்து அழுத்தியது. வலித்தது. மூடிக்கொண்டேன்.

கிள்ளின காம்பில் நீர் கசிந்துகொண்டிருந்திருக்கும். பார்க் ஐயா குனிந்திருந்தால் தெரிந்திருக்கும். அப்பா உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் நம்பியிருப்பார் என்றுதான் எனக்கு இப்போது தோன்றுகிறது. சிரித்துக்கூட இருப்பார். ஆனால் பெண்டாட்டி கிள்ளிப்போட்டாள் என்று அந்நிய ஆளிடம் சொல்ல அப்பாவுக்கு வரவில்லை. வேலையை விட்டார், அம்மாவை விடவில்லை.

பார்க் ஐயா குடையை மறு கைக்கு மாற்றினார். "அப்ப என்னால ஒண்டும் ஏலாது" என்றார்.  பெரிய ஆட்கள் வருவதற்குள் நாங்கள் சாமான் கட்ட வேண்டியதாயிற்று. பூவாளியை நான் எடுத்தேன். அது பார்க் சாமான் என்று அப்பா வாங்கி வைத்துவிட்டார்.

பஸ்ஸில் அம்மா வலது கையை மூடியே வைத்திருந்தாள். ஏறும்போதும் இடது கையால்தான் கம்பியைப் பிடித்தாள். லயத்தில் வந்து இறங்கி, காம்பிராவுக்குள் போன பிறகுதான் விரித்தாள். பாதையிலிருந்து பொறுக்கியிருக்கிறாள். வதங்கி, கறுத்து, கையில் ஒட்டிக் கிடந்தது. பெக்டரி மேல்தட்டில் கொழுந்து வாட்டும்போது வருகிற வாசம் அந்தச் சின்ன அறை முழுக்க அடித்தது. அப்பா ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"நல்ல கொழுந்து" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாகும்வரை அதைப் பற்றி அவர் பேசவில்லை.

மறுநாள் விடியவே அம்மா கூடையோடு, ஆள் எண்ணுகிற பெரட்டுக்குப் போய் நின்றாள். கங்காணி பேர் போட்டுக்கொண்டார். டவுன் பள்ளிக்கூடம் அதோடு முடிந்தது. கொஞ்ச வருசத்தில் எனக்கும் ஒரு கூடை வந்தது.

அத்தைதான் வாயை மூடவில்லை. அப்பாவின் அக்கா. "அவளுக்கு டவுன் புடிக்கல. பேச ஆளில்லன்னு பொலம்பிக்கிட்டே கெடந்தா. வேணும்னேதான் கிள்ளிட்டா. கண்ணு இல்லையா, தெரியாமலா ஒருத்தி கிள்ளுவா?" என்று தண்ணீர்ப் பீலியடியில் எல்லோருக்கும் கேட்கச் சொல்வாள். அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்கும் சில நேரம் சந்தேகம் வரும். அந்த அழுகையை நினைப்பேன், போய்விடும். பிறகு அந்தச் சிரிப்பு ஞாபகம் வரும். சந்தேகம் மறுபடியும் வரும். அம்மாவிடம் நான் கேட்கவில்லை. அம்மா போய் வெகு காலம் ஆகிறது.

இப்போது நான் முழங்காலுக்குக் கிளினிக் போகிறேன். பார்க்கில் போய் உட்காருவேன், கேட்டுக்குப் பக்கத்துப் பெஞ்சில். குளத்தைத் தாண்டிப் போனதில்லை. போன மாதம் சம்பந்தி அம்மா துணைக்கு வந்தாள். அவளும் தோட்டத்தில் கூடை தூக்கினவள்தான். அவள் உட்காருகிற ஆள் இல்லை. "வாங்க, அந்தப் பக்கம் என்னதான் இருக்குன்னு பாப்போம்" என்று கையைப் பிடித்து இழுத்துப் போய்விட்டாள்.

மரம் நின்றது.

இடுப்பு மட்டம் வரை ஒரே அடிமரம். அதிலிருந்து விரல் விரித்த மாதிரி பல மரங்களாகப் பிரிந்து மேலே போயிருந்தது. முன்பு இருந்ததைவிட உயரம். மலை தெரியவில்லை. அதற்கு உயிர் இருந்தது எங்களுக்குத் தெரியும். இத்தனை உயிர் இருந்தது என்று தெரியாது.  அப்பாவின் வெட்டு வாய் பட்டை மூடி, தழும்பாக இருந்தது. சாய்வு மாறவில்லை. அடியில் புதுசாகச் சிம்பு விட்டுத் தளிர் நின்றது, கைக்கு எட்டுகிற உயரத்தில்.

சம்பந்தி அம்மா பேசிக்கொண்டே இருந்தாள். சம்பளத்தைப் பற்றி, அவளுடைய சின்ன மருமகள் கொழும்பில் வேலைக்குப் போவதைப் பற்றி. நானும் பதில் சொன்னேன். அவள் மருமகளைப் போலப் பேசிக் காட்டினாள், எனக்குச் சிரிப்பு வந்தது.

பார்க்கில் கூட்டுகிற பையன் ஒருவன் வந்து நின்றான். கையில் விளக்குமாறு, காதில் போன் வயர். ஒரு வயரைக் கழற்றினான்.

"பாட்டி, பறிக்காதீங்க."

"யாருடா பறிச்சா?" என்றேன். எனக்குக் கோபம்கூட வந்தது.

அவன் என் கையைப் பார்த்தான். சம்பந்தி அம்மாவும் பார்த்தாள். நானும் பார்த்தேன். விரல் நுனி பச்சையாக இருந்தது.

மெதுவாகத் திரும்பினேன். எனக்குப் பின்னால், சரளையில், ஒரு பிடி கிடந்தது.

அத்தை இப்போது இல்லை. இருந்தால் கூட்டிப்போய்க் காட்டியிருப்பேன்.